2,400 வருஷமா ஓயாத ‘ஃபேன் ஃபைட்’: அகில்லீஸ், ஒடிஸியஸ் மேல ஏன் இன்னும் இவ்வளவு வெறி?

பாம்புத் தீவு ஞாபகம் இருக்கா?

2022 பிப்ரவரி 24. உக்ரைன் போர் தொடங்கிய முதல் நாள். கருங்கடலில் இருக்கும் அந்தக் குட்டித் தீவை நெருங்கிய ரஷ்யப் போர்க்கப்பல், ‘சரணடையுங்கள்’ என்றது. உக்ரைன் வீரர்கள் கொடுத்த காரமான பதில் உலகம் முழுக்க வைரலானது. அதை வைத்து உக்ரைன் தபால்தலைகூட வெளியிட்டது.

அந்தப் பரபரப்பில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. பழங்காலக் கிரேக்கர்கள் இந்தத் தீவை ‘வெள்ளைத் தீவு’ என்றார்கள். அங்கே ஒரு கோயில் இருந்தது, ட்ராய் போரின் நாயகன் அகில்லீஸுக்கு! செத்துப்போன அகில்லீஸ் இந்தத் தீவில்தான் வாழ்கிறான் என்று மாலுமிகள் நம்பினார்கள். கப்பலை நிறுத்தி காணிக்கை வைத்துவிட்டுப் போனார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ஆரியன் என்ற கிரேக்க எழுத்தாளர், தான் கேள்விப்பட்டதாக ஒன்றை எழுதியிருக்கிறார்: தினமும் காலையில் கடற்பறவைகள் இறக்கையை நனைத்துக்கொண்டு வந்து, கோயிலில் தண்ணீர் தெளித்து, இறக்கையாலேயே பெருக்கிவிட்டுப் போகுமாம்.

அப்படியே 2025-க்கு வருவோம். கிறிஸ்டோபர் நோலனின் ‘தி ஒடிஸி’ படத்துக்கு அறிவிக்கப்பட்ட ரிலீஸ் தேதி 2026 ஜூலை 17. சில ஐமேக்ஸ் 70 எம்.எம். தியேட்டர்களில் அதற்குச் சரியாக ஒரு வருஷம் முன்னாடியே டிக்கெட் விற்பனை தொடங்கியது. பல காட்சிகள் சீக்கிரமே ஹவுஸ்ஃபுல். 

கிட்டத்தட்ட 2,700 வருஷத்துக்கு முந்தைய கதைக்கு எப்படி இவ்வளவு ரசிகர்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

கதை தெரியாதவர்களுக்கு: ஒரு நிமிட ரீகேப்

இலியட், ஒடிஸி. இரண்டுமே ஹோமர் பெயரில் வழங்கும் கிரேக்கக் காவியங்கள். கி.மு. 8-ஆம் நூற்றாண்டு வாக்கில் உருவானவை என்பது பொதுவான கருத்து. இலியட்டில் 15,000 வரிகளுக்கு மேல், ஒடிஸியில் 12,000 வரிகளுக்கு மேல்.

இலியட்: ட்ராய் இளவரசன் பாரிஸ், ஸ்பார்ட்டா அரசி ஹெலனைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறான். அவளை மீட்கக் கிரேக்கர்கள் படையெடுக்கிறார்கள். போர் 10 வருஷம் நடக்கிறது. இலியட் சொல்வதோ 10-வது வருஷத்தின் சில வாரங்களை மட்டும்தான். படைத்தலைவன் அகமெம்னன், அகில்லீஸுக்குப் போர்ப் பரிசாகக் கிடைத்த பிரிசெயிஸ் என்ற பெண்ணைப் பறித்துக்கொள்கிறான். கோபத்தில் அகில்லீஸ் சண்டைக்கு வர மறுக்கிறான். அவனது உயிர்த்தோழன் பேட்ரோக்ளஸ், அகில்லீஸின் கவசத்தை மாட்டிக்கொண்டு களமிறங்கி, ட்ராய் இளவரசன் ஹெக்டர் கையில் சாகிறான். பிறகு அகில்லீஸ் ஹெக்டரைக் கொன்று, உடலைத் தேரில் கட்டி இழுக்கிறான்.

கடைசியில் ஹெக்டரின் வயதான அப்பா பிரயம், ராத்திரியில் எதிரி முகாமுக்கே வந்து, மகனைக் கொன்ற கையை முத்தமிட்டு உடலைக் கேட்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து அழுகிறார்கள். ஹெக்டரின் ஈமச்சடங்கோடு காவியம் முடிகிறது.

ஒடிஸி: போர் முடிந்து ஒடிஸியஸ் வீடு திரும்ப 10 வருஷம் ஆகிறது. ஒற்றைக்கண் அரக்கன், மனிதர்களைப் பன்றியாக்கும் சர்சி, பாடியே ஆளைக் கொல்லும் சைரன்கள் என வழி முழுக்கச் சிக்கல். வீட்டிலோ அவன் மனைவி பெனிலோபியைக் கட்டிக்கொள்ள 108 பேர் வந்து உட்கார்ந்து, அவன் சொத்தைத் தின்று தீர்க்கிறார்கள்.

எலும்பைக் கடத்திய ஊர்கள்

இன்று ‘ஹீரோ’ என்றால் நமக்கு சினிமா நினைவுக்கு வரும். கிரேக்கர்களுக்கு ஹீரோ என்பவன் செத்த பிறகும் சக்தியோடு இருப்பவன். அவன் சமாதி எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊருக்குப் பாதுகாப்பு. அதனால் ஹீரோக்களின் எலும்புக்கே போட்டி நடந்தது.

டெகியா என்ற ஊரைப் போரில் ஜெயிக்க முடியாமல் திணறிய ஸ்பார்ட்டாக்காரர்கள், அகமெம்னனின் மகன் ஒரெஸ்டஸின் எலும்பைக் கொண்டு வந்தால் ஜெயிக்கலாம் என்று அருள்வாக்கு கேட்டார்கள். டெகியாவில் ஒரு கொல்லரின் பட்டறையில் 7 முழ நீள சவப்பெட்டி இருப்பதைக் கண்டுபிடித்து, எலும்பை ரகசியமாக எடுத்துவந்தார்கள். இதைச் சொல்பவர் வரலாற்று ஆசிரியர் ஹெரோடோடஸ். ஏதென்ஸும் சும்மா இல்லை. கி.மு. 470-களில் தளபதி கிமோன், ஸ்கைரோஸ் தீவில் கிடைத்த பெரிய எலும்புகளை ‘இது எங்கள் தீசியஸ்’ என்று ஊர்வலமாகக் கொண்டு வந்தார்.

இன்னொரு கூத்தும் உண்டு. சிக்கியோன் நகரத்தை ஆண்ட கிளைஸ்தனீஸ், தன் ஊரில் ஹோமர் பாடல்களைப் பாடும் போட்டிகளையே நிறுத்திவிட்டார். காரணம்? எதிரி ஊரான ஆர்கோஸை அந்தப் பாட்டு அதிகமாகப் புகழ்கிறதாம்!

அந்தப் பாட்டைப் பாடுவதற்கென்றே ‘ராப்சோட்’ எனப்படும் கலைஞர்கள் இருந்தார்கள். பளபளப்பான உடையில் மேடையேறி ஹோமரைப் பாடுவதுதான் தொழில். அவர்களில் ஒருவரான அயோனை வைத்துப் பிளேட்டோ ஓர் உரையாடலே எழுதினார். அதில் அயோன் ஒத்துக்கொள்கிறார்: வேறு கவிஞரைப் பற்றிப் பேசினால் தூக்கம் வரும், ஹோமர் என்றால் விழித்துக்கொள்வேன். சோகக் கட்டத்தில் அவர் கண் கலங்குமாம், கூட்டமும் அழுமாம்.

தலையணைக்கு அடியில் இலியட்

வரலாற்றில் அகில்லீஸின் ‘வெறித்தன’ ரசிகர் யார் என்றால், சந்தேகமே இல்லை, அலெக்சாண்டர்தான்.

அவருடைய அம்மா ஒலிம்பியாஸின் குடும்பம், தாங்கள் அகில்லீஸின் வம்சம் என்று சொல்லிக்கொண்டது. ஆசிரியர் அரிஸ்டாட்டில் திருத்திக் கொடுத்த இலியட் பிரதியை, அலெக்சாண்டர் குறுவாளோடு சேர்த்துத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவார் என்கிறார் புளூட்டார்க். கி.மு. 334-இல் ஆசியாவுக்குள் படையோடு நுழைந்ததும் ட்ராய்க்குப் போனார். அகில்லீஸ் சமாதிக்கு மாலை வைத்தார். நண்பர் ஹெஃபாஸ்டியன், பேட்ரோக்ளஸ் சமாதிக்கு மாலை வைத்ததாகவும் சொல்லப்படுகிறது.

அங்கே ஒருவர், ‘பாரிஸ் வாசித்த யாழைப் பார்க்கிறீர்களா?’ என்று கேட்டாராம். ‘அதெல்லாம் வேண்டாம், அகில்லீஸ் வாசித்த யாழ் இருந்தால் காட்டுங்கள்’ என்றாராம் அலெக்சாண்டர். கி.மு. 324-இல் ஹெஃபாஸ்டியன் இறந்தபோது, பேட்ரோக்ளஸுக்காக அகில்லீஸ் செய்ததுபோலவே தன் முடியை வெட்டிக்கொண்டார்.

இதுவரை ரசிக்கலாம். ஆனால், கி.மு. 332-இல் காசா நகரம் விழுந்தபோது, அதைக் காத்து நின்ற தளபதி பாட்டிஸின் கணுக்காலில் வார் கோத்து, உயிரோடு தேரில் கட்டி இழுத்தார் அலெக்சாண்டர் என்று எழுதுகிறார் ரோமானிய எழுத்தாளர் கர்ட்டியஸ். அகில்லீஸைப் பின்பற்றுவதாகப் பெருமையும் பட்டாராம். இது உண்மையில் நடந்ததா என்று வரலாற்று ஆய்வாளர்கள் பலர் சந்தேகிக்கிறார்கள். ஆனாலும் அலெக்சாண்டரைப் பற்றி அப்படி ஒரு கதை எழுத முடிந்தது. படித்தவர்களும் நம்பினார்கள். அவர் யாருடைய ரசிகர் என்பது ஊருக்கே தெரியும்.

அகில்லீஸ் - பேட்ரோக்ளஸ்: நண்பர்களா, காதலர்களா?

கதையில் வரும் இரண்டு பேரை ஜோடியாக்கிப் பார்ப்பதை இணைய ரசிகர்கள் ‘ஷிப்பிங்’ என்பார்கள். அகில்லீஸ் - பேட்ரோக்ளஸ் ஜோடி பற்றிய சண்டை டிக்டாக்கில் இன்றும் ஓடுகிறது. இது இந்தக் காலத்துப் பிள்ளைகளின் வேலை என்று நினைத்தால், அது தப்பு.

கி.மு. 5-ஆம் நூற்றாண்டிலேயே நாடக ஆசிரியர் ஈஸ்கிலஸ், ‘மிர்மிடன்கள்’ என்ற நாடகத்தில் இவர்களைக் காதலர்களாகக் காட்டினார். அந்த நாடகத்தின் சில துண்டுகள்தான் இன்று மிச்சம். பிளேட்டோவின் ‘சிம்போசியம்’ நூலில் ஃபீட்ரஸ் என்பவர், ‘ஈஸ்கிலஸ் உளறுகிறார்’ என்கிற ரீதியில் பேசுகிறார். காதலர்கள்தான், அதில் அவருக்கு மறுப்பு இல்லை. யார் மூத்தவர், யார் இளையவர் என்பதை ஈஸ்கிலஸ் மாற்றிவிட்டாராம். அகில்லீஸுக்குத் தாடியே முளைக்கவில்லை, அவன்தான் அழகன் என்று வாதாடுகிறார்.

ஜெனஃபோன் எழுதிய இன்னொரு ‘சிம்போசியம்’ நூலில் சாக்ரடீஸ், இல்லை, அவர்கள் தோழர்கள்தான் என்கிறார். கி.மு. 345 வாக்கில் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் பேசிய ஈஸ்கினீஸ், ஹோமர் அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை, படித்தவர்களுக்குப் புரியும் என்று விட்டுவிட்டார் என்றார். மூன்று தரப்பு வாதமும் அப்போதே ரெடி!

‘ஒரிஜினல்ல இது இல்லையே!’

ரசிகர்களின் அடுத்த பெரிய சண்டை, எது ‘கேனன்’ என்பது. அதாவது எது அதிகாரபூர்வமான கதை, எது பின்னால் சேர்த்தது?

சில அதிர்ச்சிகள் காத்திருக்கின்றன. அகில்லீஸின் குதிகால் பலவீனம் இலியட்டில் கிடையாது. சொல்லப்போனால், இலியட்டில் ஆஸ்டெரோபையஸ் என்ற வீரனின் ஈட்டி அகில்லீஸின் கையைக் கீறி ரத்தம் வருகிறது. குழந்தையாக இருந்தபோது அவன் அம்மா ஸ்டிக்ஸ் நதியில் முக்கி எடுத்தாள் என்ற கதை நமக்குக் கிடைப்பது, ரோமானியக் கவிஞர் ஸ்டாட்டியஸ் கி.பி. 1-ஆம் நூற்றாண்டில் எழுதிய காவியத்தில்தான். நடுவில் கிட்டத்தட்ட 800 வருஷம்!

மரக்குதிரையும் இலியட்டில் இல்லை. ஒடிஸியில் சில இடங்களில் நினைவுகூரப்படுகிறது. அதை விரிவாகச் சொல்வது ரோமானியக் கவிஞர் வர்ஜில். அகில்லீஸ் சாகும் காட்சியும் இலியட்டில் கிடையாது.

ஒடிஸியஸ் கதை முடிந்த பிறகும் ரசிகர்கள் விடவில்லை. ‘டெலிகொனி’ என்ற தொலைந்துபோன காவியத்தின் சுருக்கம் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில், சர்சிக்குப் பிறந்த மகன் அப்பாவைத் தேடி வந்து, யாரென்று தெரியாமல் ஒடிஸியஸையே கொன்றுவிடுகிறான். பிறகு அந்த மகன் பெனிலோபியையும், பெனிலோபியின் மகன் சர்சியையும் கட்டிக்கொள்கிறார்கள். இன்றைய ‘ஃபேன் ஃபிக்‌ஷன்’ எழுதுபவர்கள்கூட இவ்வளவு தூரம் போக யோசிப்பார்கள்.

ஒடிஸியஸ் நல்லவனா, கெட்டவனா? அதற்கும் ஒரே பதில் இல்லை. சோஃபக்ளீஸ் எழுதிய ‘அஜாக்ஸ்’ நாடகத்தில் அவன் பெருந்தன்மையானவன். அதே சோஃபக்ளீஸ் கி.மு. 409-இல் அரங்கேற்றிய ‘ஃபிலோக்டீடிஸ்’ நாடகத்தில் அவன் ஏமாற்றுக்காரன். இத்தாலியக் கவிஞர் டான்டே அவனை நரகத்தில் வைத்தார்.

ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் ‘இது இப்படி நடந்திருக்க வேண்டும்’ என்று புதிதாக எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இந்த ஹீரோக்கள் சாகாமல் இருப்பதற்குக் காரணமே அதுதான்.

ரசிகர் தோண்டிய பள்ளம்

ஆசை அதிகமானால் என்ன ஆகும் என்பதற்கு ஹைன்ரிக் ஷ்லீமன் கதையைக் கேட்க வேண்டும்.

ஜெர்மனியைச் சேர்ந்த வியாபாரி. பெரும் பணம் சம்பாதித்தவர். ட்ராய் கற்பனை இல்லை, நிஜமான ஊர் என்று நம்பினார். தன் பிள்ளைகளுக்கு ஆண்ட்ரோமகி, அகமெம்னன் என்றே பெயர் வைத்தார். 1870-களில், இன்றைய துருக்கியில் இருக்கும் ஹிசார்லிக் மேட்டைத் தோண்டினார். அந்த மேட்டில் ஏற்கெனவே ஆய்வு செய்துகொண்டிருந்த ஃப்ராங்க் கால்வர்ட்தான் அந்த இடத்தை அவருக்குச் சுட்டிக்காட்டியவர்.

ட்ராய் கிடைத்தது. ஆனால், அங்கே ஒன்றின் மேல் ஒன்றாக 9 முக்கிய அடுக்குகள் இருந்தன. ஹோமர் சொன்ன ஊர் அடியில்தான் இருக்கும் என்று நினைத்த ஷ்லீமன், நடுவே பெரிய அகழியை வெட்டி மேல் அடுக்குகளை வாரி வெளியே கொட்டினார். 1873-இல் தங்கப் புதையல் கிடைத்ததும், ‘பிரயம் மன்னனின் புதையல்’ என்று அறிவித்தார்.

பிறகுதான் தெரிந்தது, அந்தத் தங்கம் ட்ராய் போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு 1,000 வருஷம் மூத்தது. போர்க் காலத்தோடு பொருந்தக்கூடியவை 6, 7-ஆவது அடுக்குகள். அவர் அவசரத்தில் வெட்டி எறிந்தவற்றில் அவையும் இருந்தன. ஹோமரின் ஊரைத் தேடியவரே அதன் ஒரு பகுதியை அழித்துவிட்டார்.

அந்தப் புதையலை ஒட்டோமன் அரசுக்குத் தெரியாமல் நாட்டைவிட்டுக் கடத்தினார். வழக்கு நடந்து இழப்பீடு கட்டினார். புதையல் பெர்லினுக்குப் போனது. 1945-இல் சோவியத் படைகள் அதை எடுத்துச் சென்றன. இன்று மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ட்ராய் 1998-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஷ்லீமன் வெட்டிய அகழியை இப்போதும் அங்கே பார்க்கலாம்.

இன்றைய ரசிகர்கள் என்ன செய்கிறார்கள்?

இப்போது இந்தக் கதைகளுக்குள் வர நிறைய வாசல்கள் இருக்கின்றன. சில முக்கியமானவை:

• பெர்சி ஜாக்சன்: ரிக் ரியார்டனின் நாவல் வரிசை. முதல் புத்தகம் 2005-இல் வந்தது. கிரேக்கக் கடவுளுக்கு மகனாகப் பிறந்த அமெரிக்கச் சிறுவனின் கதை. 2023 டிசம்பரில் வெப் சீரிஸாகவும் வந்தது.

• தி சாங் ஆஃப் அகில்லீஸ்: மேடலின் மில்லரின் நாவல், 2011. பேட்ரோக்ளஸே கதை சொல்கிறான், காதலனாக. 2012-இல் ஆரஞ்ச் பரிசு. வெளிவந்து பல வருஷம் கழித்து, டிக்டாக் வாசகர்கள் அழுதுகொண்டே போட்ட வீடியோக்களால் மறுபடி விற்பனையில் எகிறியது.

• ஹேடீஸ்: 2020-இல் முழுமையாக வெளியான வீடியோ கேம். பாதாள உலகத்தில் அகில்லீஸ் ஒரு காவலாளி, ஆட்டக்காரருக்கு ஆசான். நீங்கள் முயற்சி எடுத்தால் அவனையும் பேட்ரோக்ளஸையும் மறுபடி சேர்த்து வைக்கலாம்.

• எபிக்: தி மியூசிக்கல்: ஹோர்ஹே ரிவேரா ஹெரான்ஸ் ஒடிஸியை 40 பாடல்களாக்கினார். பாட்டு உருவாகும் விதத்தையே டிக்டாக்கில் காட்டி ரசிகர்களைச் சேர்த்தார். கடைசிப் பகுதி 2024 டிசம்பர் 25-இல் வந்தது. படமோ மேடையோ இல்லாத பாடல்களுக்கு, ரசிகர்களே வரைந்து வீடியோ தயாரித்தார்கள்.

ராப்சோட் மேடையில் பாட, கூட்டம் சேர்ந்து அழுதது ஞாபகம் இருக்கிறதா? இதுவும் கிட்டத்தட்ட அதேதான். மேடைக்குப் பதில் மொபைல்.

ரசிகர்கள் கண்ணில் படாதவர்கள்

‘டீம் அகில்லீஸா, டீம் ஹெக்டரா?’ என்ற சண்டையில் சத்தமில்லாமல் காணாமல் போகிறவர்கள் உண்டு.

முதலில் பிரிசெயிஸ். அகில்லீஸுக்கும் அகமெம்னனுக்கும் சண்டை இவளால்தான். ஆனால், மொத்த இலியட்டிலும் அவள் பேசுவது ஒரே ஒரு இடத்தில், பேட்ரோக்ளஸின் உடலைப் பார்த்து அழும்போது. அவள் கணவனைக் கொன்றது அகில்லீஸ். அவளுடைய மூன்று சகோதரர்களும் அதே நாளில் செத்தார்கள். அவளோடு சேர்ந்து மற்ற அடிமைப் பெண்களும் ஒப்பாரி வைக்கிறார்கள். பேட்ரோக்ளஸைச் சாக்காக வைத்து, ஒவ்வொருத்தியும் தன் தன் துயரத்துக்காக அழுதாள் என்று ஹோமரே சொல்லிவிடுகிறார்.

அடுத்து, ஒடிஸியில் வரும் 12 பணிப்பெண்கள். மனைவியைத் தொல்லை செய்த ஆண்களைக் கொன்று முடித்த ஒடிஸியஸ், அவர்களோடு படுத்த இந்த அடிமைப் பெண்களையும் கொல்லச் சொல்கிறான். முதலில் பிணங்களைத் தூக்கவும் ரத்தத்தைக் கழுவவும் வைக்கிறார்கள். பிறகு மகன் டெலிமாகஸ் அவர்களை வரிசையாகத் தூக்கில் தொங்கவிடுகிறான். ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது, ஹெக்டரின் கைக்குழந்தை அஸ்டியானக்ஸ். ட்ராய் விழுந்ததும் கிரேக்கர்கள் அவனைக் கோட்டைச் சுவரில் இருந்து வீசிக் கொல்கிறார்கள்.

இதைப் பார்த்தவர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள். யூரிப்பிடீஸ் கி.மு. 415-இல் ‘ட்ராய் பெண்கள்’ நாடகத்தைப் போட்டார். மேடை முழுக்க அடிமையாகப் போகக் காத்திருக்கும் பெண்களும், அந்தக் குழந்தையின் பிணமும். கொஞ்ச நாள் முன்புதான் ஏதென்ஸ் படை மெலோஸ் தீவில் ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமையாக்கியிருந்தது. தங்கள் ஹீரோக்களின் வெற்றியை, தோற்றவர்கள் பக்கம் இருந்து பார்க்க வைத்தார். போட்டியில் அவருக்குக் கிடைத்தது 2-ஆம் இடம்.

இப்போது அந்தப் பக்கம் நிற்கும் எழுத்து அதிகமாகியிருக்கிறது. மார்கரெட் அட்வுட் 2005-இல் ‘தி பெனிலோபியாட்’ நாவலில் அந்த 12 பெண்களைப் பேச வைத்தார். பாட் பார்க்கர் 2018-இல் ‘தி சைலன்ஸ் ஆஃப் தி கேர்ள்ஸ்’ நாவலை பிரிசெயிஸ் பார்வையில் எழுதினார். 2017-இல், ஒடிஸியை ஆங்கிலத்தில் முழுமையாக மொழிபெயர்த்து வெளியிட்ட முதல் பெண் ஆனார் எமிலி வில்சன். முந்தைய சில மொழிபெயர்ப்புகள் அந்தப் பெண்களை ஒழுக்கம் கெட்டவர்கள் என்று திட்டும் சொற்களைப் போட்டிருந்தன. கிரேக்க மூலத்தில் அப்படி ஒரு வசைச்சொல்லே இல்லை என்று அவர் சுட்டிக்காட்டினார்.

‘புனிதமான கதையை மாற்றுகிறார்கள்’ என்று கோபப்படும் ரசிகர்களும் இருக்கிறார்கள். ஆனால், குதிகாலே பின்னால் சேர்த்ததுதானே!

எங்கிருந்து தொடங்கலாம்?

இலியட்டை முதல் பக்கத்தில் இருந்து படிக்கத் தொடங்கினால், கப்பல்களின் நீண்ட பட்டியல் வரும் 2-ஆம் பகுதியிலேயே பலர் விட்டுவிடுவார்கள். இரண்டு காவியங்களும் தலா 24 பகுதிகள். இலியட்டின் 6-ஆம் பகுதியில் ஹெக்டர் குழந்தையிடம் விடைபெறுவது, 24-ஆம் பகுதியில் பிரயம் மகனின் உடலைக் கேட்டு வருவது, இந்த இரண்டை மட்டும் முதலில் படித்துப் பார்க்கலாம். யாருக்கு எதிராக யார் என்ற கணக்கே அங்கே மறந்துபோகும்.

ஒடிஸியின் 11-ஆம் பகுதியையும் விடாதீர்கள். பாதாளத்தில் ஒடிஸியஸ் அகில்லீஸின் ஆவியைப் பார்க்கிறான். ‘செத்தும் ராஜாவாக இருக்கிறாயே’ என்று புகழ்கிறான். அகில்லீஸ் அதை ஏற்கவில்லை. செத்தவர்களுக்கெல்லாம் ராஜாவாக இருப்பதைவிட, நிலம்கூட இல்லாத ஏழையிடம் கூலி வேலை செய்தாவது உயிரோடு இருக்கலாம் என்கிறான். சின்ன வயதில் செத்தாலும் பரவாயில்லை, பேர் நிலைக்கட்டும் என்று முடிவெடுத்தவன் அவன்தான். அவன் பேர் நிலைத்துவிட்டது, பாம்புத் தீவு வரைக்கும்.

நோலன் படத்துக்கு டிக்கெட் எடுப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒடிஸியஸ் வீடு திரும்பிப் பழிவாங்கும்போது தியேட்டரே விசிலடிக்கும். அதன் பிறகு அந்த 12 பெண்கள் திரையில் வருகிறார்களா, வந்தால் எப்படிக் காட்டுகிறார்கள் என்று பாருங்கள்.